போனில் ஊதினால் நுரையீரல் தெரியுமா?

கேள்வி – ஜூன் 2, மாலை

அப்பாவுக்கு 66 வயது. சி.ஓ.பி.டி. (காற்றுக்குழாய் குறுகிவிடும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். போனில் ஒரு ஆப் போட்டேன். போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து ஒரே மூச்சில் ஊதச் சொல்கிறது. மைக்கில் கேட்டுவிட்டு எஃப்.இ.வி.1 இவ்வளவு, எஃப்.வி.சி. இவ்வளவு என்று எண் தருகிறது. பக்கத்தில் ஒரு வட்டம். இதுவரை பச்சையாகத்தான் வருகிறது. இனி ஸ்பைரோமெட்ரிக்கு, அதாவது குழாயில் ஊதி எடுக்கும் நுரையீரல் சோதனைக்கு, அவரை அலைய வைக்க வேண்டியதில்லை, பச்சை வரும் நாளில் ஒரு இன்ஹேலரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

ஜூன் 2, இரவு

இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நுரையீரல் சோதனை எடுப்பதுதான் என் வேலை. ஸ்பைரோமீட்டர் முன்னால் ஆட்களை உட்காரவைத்து ஊத வைக்கிறேன். அதனால் இந்தப் பச்சை வட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் அந்த எண்கள் என்ன என்று பார்ப்போம்.

நெஞ்சு நிறைய இழுத்து, முழு வலுவோடு கடைசிவரை வெளியேற்றும் காற்றின் மொத்த அளவு எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு நொடிக்குள் வெளியே வந்துவிடுவது எஃப்.இ.வி.1. காற்றுக்குழாய் திறந்திருந்தால் மொத்தத்தில் பெரும்பகுதி, முக்கால் பங்குபோல, முதல் நொடியிலேயே வந்துவிடும். குழாய் குறுகியிருந்தால் அதே காற்று மெதுவாக, இழுத்து இழுத்து வரும். ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்கிறோம். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே நின்றால் அது சி.ஓ.பி.டி.யின் அடையாளம். உங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

பச்சை வட்டம் இந்த விகிதத்தைக் காட்டுகிறதா, வெறும் எஃப்.இ.வி.1-ஐயா? ஆப்பில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 3, காலை

மைக் எப்படிக் காற்றை அளக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் காற்று மைக்குக்குள் போவதே இல்லை.

ஸ்பைரோமீட்டரில் வாயில் குழாயைக் கவ்விக்கொள்கிறோம். வெளியே வரும் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே ஒரு சின்ன விசிறி சுழலும், அல்லது அல்ட்ராசவுண்ட் அலை காற்றின் வேகத்தைப் பிடிக்கும். போனில் குழாய் கிடையாது. வேகமாகக் காற்று போகும்போது தொண்டையிலும் வாயிலும் உதட்டிலும் எழும் இரைச்சலை மைக் கேட்கிறது. அந்த இரைச்சல் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து காற்றோட்டத்தைக் கணக்குப்போட்டு ஊகிக்கிறார்கள்.

இது வெறும் வித்தை இல்லை. 2012-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷ்வேதக் பட்டேலின் ஆய்வுக்குழு ‘ஸ்பைரோஸ்மார்ட்’ என்று செய்து காட்டியது. 52 பேரை ஊத வைத்து, உண்மையான ஸ்பைரோமீட்டரோடு ஒப்பிட்டார்கள். முக்கியமான அளவுகளில் சராசரிப் பிழை 5.1 சதவீதம். கையில் கிடக்கும் போனை வைத்து இவ்வளவு நெருங்கியது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சராசரி என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒருவருக்கு 2 சதவீதம், இன்னொருவருக்கு 10 சதவீதம் தவறினாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். நீங்கள் அந்த இரண்டில் யார் என்பதை ஆப் சொல்லாது. உங்கள் அப்பாவின் எஃப்.இ.வி.1 ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் என்றால் 150 மில்லி. சி.ஓ.பி.டி.யில் 100 மில்லி கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தேடுகிற மாற்றத்தைவிடக் கருவியின் தடுமாற்றம் பெரிதாகிவிடுகிறது.

ஜூன் 3, மதியம்

காலையில் விட்டுப்போனது. போனில் பேசும்போது எதிரே இருப்பவரின் மூச்சு இரைச்சல் நமக்குக் கேட்பதில்லையே, ஏன்? போன் அதை வேண்டுமென்றே நீக்குகிறது. சத்தம் குறைந்தால் தானாகக் கூட்டும், கூடினால் தானாகக் குறைக்கும், காற்றடிக்கும் ஓசையை வெட்டும். பேச்சுக்கு நல்லது. நுரையீரலை அளக்க நமக்கு வேண்டியதோ அந்த வெட்டப்பட்ட ஓசைதான். நல்ல ஆப் என்றால் இந்தச் சீர்செய்தலைத் தாண்டி மைக்கின் மூல ஒலியை வாங்க வேண்டும். எல்லாப் போனும் அதற்கு ஒரே மாதிரி இடம் கொடுப்பதில்லை. ஒரு மாடலில் சரிபார்த்த ஆப் இன்னொரு மாடலில், அதுவும் தடித்த கவர் போட்ட போனில், அதே எண்ணைத் தரும் என்பதற்கு உறுதி கிடையாது.

ஃபேனை நிறுத்திவிட்டுத்தானே ஊதச் சொன்னீர்கள்?

ஜூன் 5

ஸ்மார்ட்போனே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டவருக்கு.

அதே ஆய்வுக்கூடம் 2016-இல் ‘ஸ்பைரோகால்’ என்று இன்னொன்றை முன்வைத்தது. எந்தப் போனிலிருந்தும் ஒரு எண்ணை அழைத்து, மணி அடித்து முடிந்ததும் ஊத வேண்டியதுதான். மறுமுனையில் சர்வர் கேட்டுக் கணக்குப் போடும். சாதாரண அழைப்பில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போய்ச் சேரும், மீதியெல்லாம் வழியிலேயே போய்விடும். இருந்தும் சராசரிப் பிழை 6.2 சதவீதம்தான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விசில். உருளை வடிவச் சின்ன அறைக்குள் காற்று ஓரமாக நுழைந்து, சுழன்று, ஒடுங்கிய வாய் வழியாக வெளியேறும். காற்று எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு கீச்சென்று சுருதி ஏறும். சுழல் விசில் என்ற இந்த அமைப்பை 1954-லேயே பெர்னார்ட் வானகட் விவரித்திருக்கிறார். இதை ஏன் கொண்டாடுகிறேன் என்றால், ஜூன் 3 குறிப்பில் சொன்ன தொல்லைகளில் பாதியை இது ஒரேயடியாகத் தீர்த்துவிடுகிறது. சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்பதை நம்பினால் போன் எவ்வளவு தள்ளி இருக்கிறது, மைக் எவ்வளவு கூர்மையானது, போன் தானாக ஒலியைக் கூட்டியதா என்பதெல்லாம் உள்ளே புகுந்துவிடும். சுருதி அப்படி மாறாது. பக்கத்தில் வைத்தாலும் தள்ளி வைத்தாலும் அதே சுருதிதான். உதடும் குழாயைச் சுற்றி மூடிக்கொள்கிறது. வலுக்குறைந்து ஊதுபவர்களின் மூச்சு வெறும் மைக்குக்குச் சரியாகக் கேட்காது. விசில் அவர்களுக்கும் கைகொடுக்கும், அது ஒலிக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் வரும்வரை.

ஜூன் 6

விகிதத்தையும் சேர்த்துத்தான் பச்சை காட்டுகிறது, 0.74 என்று வந்தது என எழுதியிருக்கிறீர்கள். ‘சி.ஓ.பி.டி.யே இல்லைபோல’ என்றும். இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். என் வேலையின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது.

ஸ்பைரோமெட்ரியில் கருவி பாதிதான், மீதி ஊதுகிற ஆளும் ஊத வைக்கிற ஆளும். நாங்கள் ஏன் அப்படிக் கத்துகிறோம் என்று வெளியே காத்திருப்பவர்கள் கேட்பார்கள். “இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க, ஊதுங்க! விடாதீங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்...” அந்தக் கடைசி ‘இன்னும் கொஞ்சம்’ இல்லாவிட்டால் சோதனையே இல்லை. குழாய் குறுகியவர்களுக்கு மொத்தக் காற்றும் வெளியேற நேரமாகும். சில நேரம் 10 நொடியைத் தாண்டும். அவர்களுக்கோ இரண்டாவது நொடியிலேயே எல்லாம் போய்விட்டதுபோல் இருக்கும், நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? முதல் நொடிக் காற்று அப்படியே பதிவாகிவிட்டது. மொத்தக் காற்று மட்டும் குறைந்து பதிவாகும். மேலே உள்ளது அப்படியே இருக்க, வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும். 0.58 இருக்க வேண்டியவருக்கு 0.74 வரும். அரைகுறையாக ஊதியதற்குப் பரிசாகப் பச்சை வட்டம்! நோயை மறைக்கும் பிழை இதுதான். அதிகம் மூச்சிரைப்பவர்களிடம்தான் அதிகம் நடக்கிறது.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். முழுக்க ஊதினால் இருமல் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். அதைச் சொல்லவும் கூச்சம். ஒவ்வொரு முறையும் பாதியில் உதட்டை எடுத்துவிடுவார். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ‘சாதாரணம்’ என்று அனுப்பியிருப்பேன். திரையில் காற்றோட்டத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக அறுந்து விழுவதைப் பார்த்ததால்தான் தெரிந்தது. தண்ணீர் கொடுத்து, இருமல் வந்தால் வரட்டும், நாம் காத்திருக்கலாம் என்று சொல்லி, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப ஊத வைத்தேன். கோடு நீண்டு, மெல்லத் தரையைத் தொட்டது. விகிதம் சரிந்தது. அவருக்கு மருந்து தேவைப்பட்டது.

சோதனைக்கு விதிகள் இருக்கின்றன. அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2019-இல் சேர்ந்து புதுப்பித்தவை. ஊதத் தயங்கித் தொடங்கக் கூடாது. முதல் நொடியில் இருமக் கூடாது. கோடு தட்டையாகும்வரை அல்லது 15 நொடிவரை ஊத வேண்டும். சிறந்த இரண்டு ஊதல்கள் ஒன்றுக்கொன்று 150 மில்லிக்குள் ஒத்துவர வேண்டும். பெரியவர்களை எட்டு முறைக்கு மேல் வருத்தக் கூடாது. கருவியையும் 3 லிட்டர் சிரிஞ்சால் காற்றடித்துச் சரிபார்க்கிறோம், 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.

உங்கள் ஆப் இதில் எதைக் கேட்டது? ஊதல் பாதியில் நின்றால் ‘இதை ஏற்க முடியாது, மறுபடி ஊதுங்கள்’ என்று ஒருமுறையாவது சொன்னதா? சொல்லவில்லை என்றால் அந்த 0.74-ஐ மறந்துவிடுங்கள்.

ஜூன் 6, கொஞ்சம் கழித்து

முக்கியமானது. அப்பாவை உட்காரவைத்துத்தான் ஊதச் சொல்ல வேண்டும். முழு வலுவோடு ஊதினால் தலை சுற்றும், சிலர் மயங்கியே விழுவார்கள். அண்மையில் மாரடைப்பு வந்திருந்தால், கண்ணிலோ மூளையிலோ வயிற்றிலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால், சளியில் ரத்தம் வந்தால், ஊதவே கூடாது, முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நாங்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் குழாயைக் கையில் கொடுக்கிறோம்.

ஜூன் 8

விரலை கேமராவில் வைத்தால் ஆக்சிஜன் காட்டும் ஆப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தனி இழைக்கான விஷயம், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக்சிஜன் அளவு வேறு, நுரையீரல் திறன் வேறு. ஆஸ்துமா முற்றி ஒருவர் திணறிக்கொண்டிருக்கும்போதும் ஆக்சிஜன் 95 இருக்கலாம். உடம்பு வேகவேகமாக மூச்சு வாங்கிச் சமாளித்துக்கொண்டிருக்கும். அது சோர்ந்துபோன பிறகுதான் எண் விழும். அந்த நேரத்தில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க அவகாசம் இருக்காது.

அளக்கும் முறையும் வேறு. ஜப்பானில் டகுவோ அஓயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்த வழி இது: துடிக்கும் ரத்தத்தின் வழியே சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று ஒப்பிடுவது. விரலில் மாட்டும் கருவியில் சுமார் 660, 940 நானோமீட்டரில் அந்த இரண்டு விளக்கும் இருக்கின்றன. போனின் ஃப்ளாஷ் வெள்ளை விளக்கு, அகச்சிவப்பு அதில் கிடையாது. சில பழைய சாம்சங் கேலக்ஸி மாடல்களின் முதுகில் மட்டும் இதற்கென்றே தனி சென்சார் இருந்தது. கொரோனா காலத்தில், 2020-இல், எந்த ஸ்மார்ட்போன் தொழில்நுட்பமும் இதைத் துல்லியமாக அளப்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆதார அடிப்படை மருத்துவ மையம் எழுதியது. 2022-இல் வாஷிங்டன், கலிபோர்னியா ஆய்வாளர்கள் கேமராவும் ஃப்ளாஷும் கொண்டு 70 சதவீதம்வரை இறங்கும் அளவுகளைப் பிடிக்க முயன்றார்கள். ஆக்சிஜன் தாழ்ந்திருந்ததை நூற்றுக்கு 80 முறை சரியாகக் கண்டுகொண்டது. பங்கேற்றவர்கள் ஆறே பேர். நல்ல தொடக்கம். அதை நம்பி வீட்டில் முடிவெடுக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

தோல் நிறத்தையும் சொல்லியாக வேண்டும். விரலில் மாட்டும் கருவியே கறுத்த தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டும் பழக்கம் உடையது. 2020-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், கருவி ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லியும் ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. நம் தோலுக்கும் இது பொருந்தும் என்று எண்ணி எச்சரிக்கையாக இருப்பதே நல்லது.

ஜூன் 9

சின்ன விஷயம், பெரிய பிழை. ஆப் கேட்கும் உயரம். ‘எதிர்பார்க்கப்படும் அளவில் இத்தனை சதவீதம்’ என்று வருவது வயது, உயரம், பாலினம் மூன்றையும் வைத்துப் போடும் கணக்கு. வயதானவர்கள் இளமையில் அளந்த உயரத்தைச் சொல்வார்கள். முதுகு வளைந்து உயரம் குறைந்திருக்கும். பழைய உயரத்தைப் போட்டால் எதிர்பார்ப்பு ஏறி, சதவீதம் இறங்கிவிடும். சுவரோரம் நிறுத்தி அளந்து போடுங்கள்.

ஜூன் 11

‘எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறீர்களே, போனால் ஒரு பயனும் இல்லையா’ என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அப்படியில்லை. போன் எங்கே வலிமையானது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

மருத்துவமனைக்கு வருபவரை நான் பார்ப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. ஆஸ்துமா அப்படிக் காலைப்பொழுதுக்குக் கட்டுப்பட்ட நோய் இல்லை. நள்ளிரவில் இழுக்கும், விடிந்தால் ஓய்ந்துவிடும், என் முன்னால் வந்து ஊதும்போது எல்லாம் சரியாக இருக்கும். வீட்டில் தினமும் காலையும் மாலையும் எடுத்த அளவு ஒரு வரைபடமாகக் கையில் இருந்தால் மருத்துவருக்கு அது பொக்கிஷம். அப்படி வீட்டில் அளக்க உதவுவது பீக் ஃப்ளோ மீட்டர், ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளப்பது, 1959-லேயே ரைட் என்பவர் கைக்குக் கொண்டுவந்த கருவி. காலை மாலை அளவுகளின் வித்தியாசம் பெரியவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஆஸ்துமாவைச் சந்தேகிக்க இடமுண்டு. தாளில் எழுதச் சொன்னால், சோதனைக்கு வரும் நாளின் காலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிக்கொண்டு வருவார்கள், ஒரே பேனா, ஒரே கையெழுத்து. புளூடூத் வழியாகப் போனோடு இணையும் கருவி நேரத்தோடு பதிந்துவிடுகிறது. இங்கே போன் அளக்கவில்லை, குழாயுள்ள கருவிதான் அளக்கிறது. போன் நினைவில் வைத்துக்கொள்கிறது. எனக்கு இதுவே போதும்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் அருமையான வழி ஒன்று வந்தது. 2015-இல் ‘அப்னியாஆப்’. போனின் ஸ்பீக்கர் காதுக்குக் கேட்காத 18 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். அது மார்பில் பட்டுத் திரும்புவதை மைக் வாங்கி, மார்பு ஏறி இறங்குவதைக் கணக்கிடும். உடம்பில் எதுவும் ஒட்ட வேண்டாம். 37 நோயாளிகளிடம் சோதித்தார்கள். இதில் யாரும் முழு வலுவோடு ஊதத் தேவையில்லை, ஜூன் 6-இல் நான் பக்கம் பக்கமாகப் புலம்பிய ‘ஊதுகிற ஆளின் முயற்சி’ என்ற சிக்கலே இல்லை. தூங்கினால் போதும். போனின் எதிர்காலம் இந்தப் பக்கம்தான் என்று நினைக்கிறேன்: இருமலை எண்ணுவது, நடையைக் கவனிப்பது, தூக்கத்தைக் கேட்பது.

ஜூன் 12

நேற்று எழுதியதிலிருந்து ஒன்று மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்பைரோமீட்டரையே பார்த்திராத ஆட்கள் உலகில் ஏராளம். சி.ஓ.பி.டி. இருந்தும் தெரியாமல் ‘வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது’ என்று ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். அவர்களிடம் ‘துல்லியமான கருவி வரட்டும், அதுவரை எதுவும் வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாறு சதவீதப் பிழையோடு ஒரு விசில் அவர்களை மருத்துவரிடம் போய்ச் சேர வைத்தால் அது சல்லடையின் வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே என் நிலையை இப்படிச் சொல்கிறேன். போன் சிவப்புக் காட்டினால் கேளுங்கள், போய் முறையான சோதனை எடுங்கள். அது பொய்யாக இருந்தால் ஒரு நடைதான் வீண். உடம்பு திணறிக்கொண்டிருக்கும்போது போன் பச்சை காட்டினால் அதைக் கேட்காதீர்கள். அந்தப் பச்சை பொய்யாக இருந்தால் இழப்பு வேறு அளவில் இருக்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கும் ஆப் எதுவானாலும் என் நம்பிக்கை அதற்குக் கிடையாது.

ஜூன் 12, இரவு

எந்த அறிகுறிக்கு ஆப்பையே திறக்கக் கூடாது என்று கேட்டதற்கு: ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடோ நகமோ நீலம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் அல்லது குழப்பம், இன்ஹேலர் எடுத்தும் நிவாரணம் நீடிக்கவில்லை. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஜூன் 15

அப்பாவை அழைத்துப்போய் முறைப்படி சோதனை எடுத்துவிட்டீர்கள், விகிதம் 0.61 என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. எண்ணுக்காகச் சொல்லவில்லை, இன்ஹேலர் தொடர்கிறதே, அதற்காக.

ஆப்பை அழித்துவிடவா என்று கேட்டீர்கள். வேண்டாம். அதில் ஊதல் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். குறிப்பெழுதும் இடத்தில் தினம் நான்கு விஷயம் பதியுங்கள்: நேற்று நடந்த தூரத்துக்கு இன்று நின்று மூச்சு வாங்கினாரா, சளியின் நிறம் மாறியதா, அளவு கூடியதா, உடனடி நிவாரண இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தார். சி.ஓ.பி.டி. திடீரென முற்றுவதற்கு முன்னால் எஃப்.இ.வி.1-ஐவிட இவையே பெரும்பாலும் முதலில் பேசும்.

சந்தையில் உள்ள ஊதும் ஆப்களில் எதை எடுக்கலாம் என்று வேறு சிலர் கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். தயாரித்தவர்களுக்கே எழுதிக் கேளுங்கள்: நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் சோதித்தீர்களா, ஆரோக்கியமானவர்களிடம் மட்டுமா? என் போன் மாடலில் சோதித்தீர்களா? மருத்துவக் கருவியாக அனுமதி இருக்கிறதா, ‘உடல்நலப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்களா? பாதியில் நின்ற ஊதலை ஆப் தள்ளுபடி செய்யுமா? வளைவை முழுதாகச் சேமித்து மருத்துவருக்கு அனுப்ப முடியுமா?

ஜூன் 16

கடைசியாக வந்த கேள்விக்கு: பீக் ஃப்ளோவை இன்ஹேலருக்கு முன்னா பின்னா எடுப்பது? தினப் பதிவுக்கு முன்னால், தினமும் ஒரே நேரத்தில், மூன்று முறை ஊதி அதில் அதிகமானதை எழுதுங்கள். மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்பினால் எடுத்து 15 நிமிடம் கழித்து இன்னொரு முறை. இரண்டையும் ஒரே வரிசையில் கலந்து எழுதிவிடாதீர்கள், வரைபடம் குழம்பிவிடும்.